சின்னான் வேலை

பதினோரு வருடங்களாக நான் சின்னானாக வேலை பார்க்கிறேன். பெயரைச் சொல்லவில்லை, பறவையைச் சொல்கிறேன். தலையில் கறுப்புக் கொண்டை, வாலடியில் கொஞ்சம் சிவப்பு, பழம் தின்னும் குருவி. என் பெயர் அருளப்பன். அந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு ரொம்ப நாளாகிறது.

காலை ஆறரைக்குக் கிளம்புவேன். தோளில் ஒரு பை. பைக்குள் இலந்தை, வேம்பு, சூரை என்று அந்தந்தப் பருவத்துக் கொட்டை. ஒரு பாட்டிலில் குடல்தண்ணீர். குருவியின் வயிற்றுக்குள் இருப்பது மாதிரி லேசாகப் புளித்த தண்ணீர், எங்கேயோ ஆலையில் செய்து அனுப்புகிறார்கள். கொட்டையை இருபது நிமிடம் அதில் ஊறப்போட வேண்டும். பிறகு சின்னான் எங்கெல்லாம் உட்காருமோ அங்கெல்லாம் ஒவ்வொன்றாகப் போட வேண்டும். வேலிக்கம்பிக்குக் கீழே, கம்பத்தடியில், முள்செடி ஓரத்தில். படிவத்தில் இதற்குப் பெயர் எச்சமிடுதல். ஒரு நாளைக்கு நானூறு எச்சம். சாயங்காலம் கையெழுத்து.

கேட்டால் சிரிப்பு வரும். முதல் வருடம் நானும் சிரித்தேன்.

ராமநாதபுரத்துப் பொட்டல் இது. நாலாயிரம் ஏக்கருக்குச் சூரியத் தகடு. முன்னால் இது சுற்றுப்பட்டிக்கெல்லாம் மேய்ச்சல் காடாக இருந்ததாம். தகடு வந்தால் பறவை போய்விடுகிறது. பறவை போனால் அது செய்துகொண்டிருந்த வேலை நின்றுபோகிறது. அதற்காக ஒரு சட்டம் வந்தது. நிலத்தை என்னவாக வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அங்கிருந்த ஒவ்வொரு பறவையும் செய்த வேலையை யாராவது செய்தாக வேண்டும். விதை போடுகிற வேலை, வெட்டுக்கிளி பிடிக்கிற வேலை, எலி பிடிக்கிற வேலை. பறவை இல்லையென்றால் அது காலியிடம். முதலில் இயந்திரம் வைத்துப் பார்த்தார்கள். இந்தப் புழுதிக்கு மூன்று மாதம்கூடத் தாங்கவில்லை. மனிதன் தாங்கினான்.

பறவை திரும்பி வந்துவிட்டால் இடம் நிரம்பியதாகக் கணக்கு. ஆள் போக வேண்டும்.

அதைக் கண்டுபிடிக்க அரை கிலோமீட்டருக்கு ஒரு கம்பம், கம்பத்தின் தலையில் ஒரு காதுப்பெட்டி. நாளெல்லாம் கேட்டுக்கொண்டே இருக்கும். எல்லாப் பறவைக்கும் ஒரே விதி கிடையாது. சின்னான், கரிச்சான் மாதிரிச் சில்லறைப் பறவைகள் போகிற போக்கில் கத்திவிட்டுப் போய்விடும். அதனால் அலுவலர் நேரில் வந்து கூட்டைக் கண்ணால் பார்த்தால்தான் கணக்கு. வேட்டைப் பறவை அப்படியில்லை, தன் எல்லைக்குள்தான் கத்துமாம். நாற்பது நாள் அதன் குரல் கேட்டாலே போதும், இடம் நிரம்பிவிட்டது.

எனக்கு இந்த வேலையோடு ஓர் அறையும் உண்டு. தகரக் கூரை, ஒரு கட்டில், தண்ணீர்க் குழாய். வேலை போனால் அறையும் போகும். அதற்கப்புறம் போவதற்கு இடமில்லை. வால்பாறைக்கு மேலே தேயிலை எஸ்டேட்டில் பிறந்தவன் நான். தேயிலையை எடுத்துவிட்டுக் காடாக்கினார்கள். பெரிய அலகுள்ள இருவாச்சி ஜோடி ஒன்று வந்து கூடு வைத்தது. பறவை வந்துவிட்டது, இனி காடு தன்னைப் பார்த்துக்கொள்ளும் என்று சொல்லி எங்கள் லைன் வீடுகளை இடித்தார்கள். ஒரு பறவை ஏற்கெனவே ஒருமுறை என்னைக் காலி பண்ணியிருக்கிறது. இன்னொருமுறை தாங்காது.

இரட்டைவால் கறுப்புக் குருவியான கரிச்சானின் வேலை முத்திருளாயிக்கு. பக்கத்துக் கீழச்சாக்குளத்துக்காரி, நாற்பது வயதிருக்கும். இடுப்பில் கனமான வடக்கயிறு ஒன்றைக் கட்டிப் புல்லுக்குள் இழுத்துக்கொண்டே நடப்பாள். வெட்டுக்கிளி துள்ளும். கையில் இருக்கும் வலையால் ஒரு வீச்சு.

"மாடு நடந்தா வெட்டுக்கிளி துள்ளும்ணே. துள்ளுனதக் கரிச்சான் கொத்தும். அதுக்குத்தேன் மாட்டு முதுகுலயே குந்திக்கிட்டு அலையும். நீங்க தகட்டப் போட்டு மாட்ட வெரட்டுனீங்க, மாட்டோட கரிச்சானும் போயிருச்சு. இப்ப நாந்தேன் மாடு, நாந்தேன் கரிச்சான்."

"நான் எங்க தகடு போட்டேன்? நானும் வந்தவன்தான்."

"வந்தவுக எல்லாரும் இதத்தேன் சொல்றீக."

வேட்டைப் பறவையான வல்லூறின் வேலை அவள் கொழுந்தன் மச்சக்காளைக்கு. எலி, ஓணான் எல்லாம் அவன் கணக்கு. கடப்பாரையும் சாக்குமாக வரப்பு வரப்பாகத் திரிவான். எலி வளை ஒன்றைப் பார்த்தால் அதற்கு எத்தனை வாசல் என்று நின்ற இடத்திலிருந்தே சொல்வான். நாற்பது தாண்டியும் வாய் அடங்காத ஆள்.

"மதினி, கயித்த இழுத்து இழுத்து உனக்கு நடையே மாடு மாதிரி ஆயிருச்சு. ஒரு மணி கட்டிவிடவா?"

"நீ எலிப்பொந்துக்குள்ள தலைய விட்டு விட்டு மூஞ்சி எப்பிடி ஆயிருச்சுன்னு கண்ணாடில பாரு கொழுந்தனாரே. அப்பறம் எனக்கு மணி கட்டலாம்."

ஒவ்வொரு மாதமும் முதல் தேதி உறுதிமொழித் தாளில் கையெழுத்துப் போட வேண்டும். 'நான் பணிபுரியும் இடத்திற்குரிய பறவையை விரட்டவோ அதன் கூட்டைக் கலைக்கவோ இல்லை.' பொய் எழுதக் கூடாது என்பதில் இந்த ஊர்க்காரர்கள் ரொம்பக் கண்டிப்பு. அதனால் எனக்கு முன்னாலேயே இங்கே ஒரு வழக்கம் வந்திருந்தது. மாத்து என்று பெயர். என் பறவையை நான் தொட மாட்டேன், நீ தொடு. உன் பறவையை நீ தொடாதே, நான் தொடுகிறேன். எனக்கும் முத்திருளாயிக்கும் மாத்து. சின்னான் கூட்டை அவள் கலைப்பாள், கரிச்சான் கூட்டை நான் கலைப்பேன். முதல் தேதி இரண்டு பேரும் கை நடுங்காமல் கையெழுத்துப் போடுவோம். மச்சக்காளைக்கு மாத்தே தேவைப்படவில்லை. அவனுக்குத் தெரிந்து, தகடு வந்தபிறகு இந்தப் பக்கம் வல்லூறு வந்ததில்லை.

நாற்பத்தோராவது வரிசை முடிகிற இடத்தில் ஓர் ஓடை. அதன் கரையில் ஒரு வேம்பு நிற்கிறது. நான் இங்கே வந்த இரண்டாவது வருடம் போட்ட எச்சம். இத்தனை வருடத்தில் நான் போட்டதில் மரமானது அது ஒன்றுதான். மற்றதெல்லாம் முழங்கால் உயரம் வந்ததும், தகட்டில் நிழல் விழும் என்று வெட்டிவிடுவார்கள். மறுநாள் அதே இடத்தில் நான் மறுபடி போடுவேன். போடுவது என் வேலை, வெட்டுவது அவர்கள் வேலை. ஓடைக்கரை யாருடைய பொறுப்பு என்று இரண்டு அலுவலகத்துக்குள் தகராறு. அது தீராததால் மரம் பிழைத்தது.

சித்திரை மாதம் அதன் உச்சிக்கவட்டில் கரிச்சான் கூடு கட்டியிருந்ததைப் பார்த்தேன். சின்னக் கிண்ணம் மாதிரி. தொரட்டியை எடுத்துக்கொண்டு போனேன். ஏழெட்டுக் கூடுகள் அதற்கு முன்னால் கலைத்திருக்கிறேன், புதிதில்லை. தொரட்டியைத் தூக்கியதும் கரிச்சான் வந்து என் உச்சந்தலையில் அடித்தது. திரும்பி வந்து மறுபடி அடித்தது. உள்ளங்கை அளவு பறவை. ரத்தம் வந்தது. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. கை அப்படியே ஓய்ந்துபோய்விட்டது. என் மரத்தில் ஒன்று வந்து குடியிருக்கிறதே என்று நினைத்தேனா, அதுகூடச் சரியாகத் தெரியவில்லை. தொரட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினேன்.

"கலைச்சுட்டேன்" என்று இரண்டு நாள் கழித்து முத்திருளாயியிடம் சொன்னேன்.

"நல்லதுண்ணே. உன்னோடது ஒண்ணு முப்பத்தெட்டாம் வரிசையில இருந்துச்சு. நானும் எடுத்துட்டேன்."

சொல்லும்போது அவள் கயிற்றின் முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் என் பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம் நான் அந்த வேம்புப் பக்கம் போகவில்லை. அடிக்கடி போனால் மற்றவர்களும் வந்து பார்ப்பார்கள்.

ஆனி மாதம் பட்டியல் வந்தது. கேட்டுக்குப் பக்கத்து டீக்கடைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். வல்லூறு: இடம் நிரம்பியது. பணியாளர்: மச்சக்காளை. விடுவிப்பு: வரும் திங்கள்.

மச்சக்காளை அதை மூன்று முறை படித்தான்.

"எங்கய்யா வல்லூறு? நான் பாக்காம இங்க ஒரு ஓணான் ஓடாது. ஒத்த எறகு கண்ணுல படல."

"பெட்டி கேட்டுருக்குல்ல" என்றார் கடைக்காரர்.

"பெட்டிக்குக் காது இருக்கு, கண்ணு இருக்கா?"

மறுநாளிலிருந்து அவன் வல்லூறைத் தேட ஆரம்பித்தான். கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டு, தகட்டு நிழலில் உட்கார்ந்து வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். நான் எச்சம் போட்டுக்கொண்டே போகையில் கூப்பிட்டு உட்காரவைத்தான்.

"சின்னான், நான் சண்டைக்குப் போகல. எனக்குப் பதிலா வந்தவன் மூஞ்சிய ஒருவாட்டி பாக்கணும். அம்புட்டுத்தேன். இருபது வளை இருக்க எடத்துல எந்த வளைய மொதல்ல அடிக்கிறான்னு பாக்கணும். நல்ல வேலைக்காரனா இருந்தா ஒரு கும்பிடு போட்டுட்டுப் போயிருவேன்."

"எங்க போற?"

"கோயம்புத்தூர்ல கட்டடத்துக்கு வாட்ச்மேன் வேலையாம். மச்சினன் சொன்னான். திங்கக்கெழம பஸ்ஸு." கடப்பாரையைக் கையில் எடுத்துப் பார்த்தான். "அங்க எலி இருக்குமா?"

அப்போது ஓடைப் பக்கமிருந்து அந்தக் குரல் வந்தது. கூர்மையாக, இரண்டிரண்டாக. கிக்கீ, கிக்கீ. மச்சக்காளை துள்ளி எழுந்தான். "அந்தா! அதேதேன்!" வரிசைகளுக்கு நடுவே ஓடினான். நான் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தேன். ஓடைக்கரை வேம்பிலிருந்து நாலு காக்கை அலறிக்கொண்டு கலைந்து போனது. அதன் பின்னாலேயே இரட்டைவால் ஒன்று விரட்டிக்கொண்டு போனது. கறுப்பு வால்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. கரிச்சான் கள்ளப் பறவை. காக்கையைக் கூட்டுப் பக்கம் அண்டவிடாமல் செய்ய வல்லூறு மாதிரியே கத்தும். நாற்பது நாளாக அது கத்தியிருக்கிறது. நாற்பது நாளாகப் பெட்டி கேட்டிருக்கிறது.

மச்சக்காளை மூச்சு வாங்கத் திரும்பி வந்தான். "கெட்டிக்காரன்யா. சத்தம் வருது, ஆளு சிக்க மாட்டேங்கிறான்."

அந்த வாரமே எலி கூடிவிட்டது. போகப் போகிறவன்தானே என்று மச்சக்காளையிடம் சாக்கை முன்பே வாங்கி வைத்துக்கொண்டார்கள். நான் காலையில் போட்ட கொட்டை மத்தியானம் இல்லை. தகட்டு வயரைக் கடித்து ஒரு வரிசை முழுக்க நின்றுபோனது. வேலிக்கு அந்தப் பக்கம் மிளகாய் நாற்று போட்டிருந்தவர்கள் வந்து கத்திவிட்டுப் போனார்கள். வல்லூறு இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளும் என்று கேட்டில் சொல்லி அனுப்பினார்களாம்.

வெள்ளிக்கிழமை அலுவலர் வாசுகி மேடம் வந்தார். மூன்று மாவட்டத்தை ஒரே ஆளாகப் பார்க்கிறவர். ஜீப்பிலிருந்து இறங்கும்போதே இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குவார். நான் நேரடியாகக் கேட்கவில்லை.

"மேடம், ஒரு பறவ மாதிரி இன்னொரு பறவ கத்துனா பெட்டிக்குத் தெரியுமா?"

"தெரியணும். தெரியலேன்னு வச்சுக்கோங்க, ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதான். சத்தம் இருக்கு, எலியும் இருக்கே."

அவர் தண்ணீர் குடித்தார். "பாருங்க, இந்தப் பெட்டி வாங்கறதுக்கு முன்னால ஒருத்தர் நடந்து நடந்து பாத்துத்தான் எழுதினார். எந்தப் பறவை என்ன திங்குது, எங்க தூங்குதுன்னு. அது லேட்டாகுதுன்னு பெட்டி வந்துச்சு. பெட்டிக்குப் பேர்தான் தெரியும். வேலை தெரியாது. பேர் இருந்தா வேலை நடக்குதுன்னு நாம எழுதிக்கறோம்."

"தப்பா எழுதிட்டா?"

"மாத்தலாம். எந்தப் பறவை கத்துதோ அதோட கூட்டை நான் பாக்கணும். பாத்தா பழைய ஆளுக்கு வேலை திரும்பக் கெடைக்கும்." பாட்டிலை மூடினார். "அந்தக் கூட்டுக்காரப் பறவையோட ஆளுக்குப் போயிரும். ரெண்டையும் பாக்காத மாதிரி என்னால எழுத முடியாது. திங்கக்கெழமை காலைல நான் இங்கதான் இருப்பேன்."

என்னையே பார்த்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

அன்றிரவு தூங்கினேனா என்று தெரியவில்லை. சொன்னால் முத்திருளாயிக்கு வேலை போகும். அதுவும் நான் மாத்தை மீறியதால். சொல்லாவிட்டால் மச்சக்காளை போவான், இல்லாத ஒரு வல்லூறுக்குக் கும்பிடு போட்டுவிட்டு. இரண்டுக்கும் நான்தான் காரணம். கூட்டைக் கலைத்திருந்தால் ஒரு தொல்லையும் இல்லை. சனிக்கிழமை முழுக்க எச்சம் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை கீழச்சாக்குளத்துக்கு நடந்தேன்.

முத்திருளாயி வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். எழுந்து ஒரு பிளாஸ்டிக் சேரைப் போட்டாள். பதினோரு வருடத்தில் நான் அவள் வீட்டுக்குப் போனது அதுதான் முதல் முறை.

"ஆயி, நான் உன்கிட்ட ஒரு பொய் சொல்லிட்டேன்."

"கூடுதான?"

ஆமாம் என்றேன்.

"சித்திரையிலயே தெரியும்ணே" என்றாள். வெங்காயத்தை விடவில்லை. "நான் மாட்டோட வளந்தவ. கரிச்சான் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதா? உன் மண்டையில காயம் வேற. கலைச்சிருந்தா அது இன்னும் அந்த மரத்துல இருக்குமா?"

"அப்ப ஏன் கேக்கல?"

"கேக்கல." உரித்த தோலைக் கூட்டி ஓரமாகத் தள்ளினாள். "எங்கொழுந்தன் வல்லூற தேடி ஓடுறப்ப எனக்கும் தெரியும், அது என் கரிச்சான் கொரலுன்னு. எல்லாரும் போய்ப் பாத்துக்கிட்டு இருந்தாக. நான் கயித்த இழுத்துக்கிட்டே போனேன். நாலு நாளா சோறு எறங்கல. எம்புருசன் சாகுறப்ப இவந்தேன்ணே தோள் குடுத்தான். வாயிதான் கொடுக்கு, ஆளு அப்பிடியில்ல."

"திங்கக்கெழம பஸ்ஸு."

"தெரியும், பத்தரைக்கு." கண்ணைத் துடைத்தாள். வெங்காயமாகவும் இருக்கலாம். "நீ சொன்னா நீ காட்டிக்குடுத்த மாதிரி இருக்கும். நான் சொல்றேன். என் பறவ, நான் சொல்றேன். ஆனா ஒண்ணுண்ணே. மரத்தடிக்கு வந்தப்பறம் நீ என்னைய வையக்கூடாது."

"நான் எதுக்கு உன்னைய வையப் போறேன்?"

"வையாதன்னு சொன்னேன். அம்புட்டுத்தேன்."

திங்கட்கிழமை எட்டு மணிக்கு நாங்கள் நாலு பேரும் ஓடைக்கரையில் நின்றோம். மச்சக்காளை புதுச் சட்டை போட்டு, பையைத் தோளில் மாட்டியிருந்தான். எதற்குக் கூப்பிட்டோம் என்று அவனிடம் சொல்லவில்லை. உன் இடத்துக்கு வந்தவனைக் காட்டுகிறேன் வா என்று மட்டும் முத்திருளாயி சொல்லியிருந்தாள்.

வேப்பம்பழம் பழுத்து உதிர்ந்து கிடந்தது. காலடியெல்லாம் பிசுபிசுத்தது. கவட்டில் கூட்டைச் சுற்றி மூன்று குஞ்சுகள் இறக்கை முளைத்து உட்கார்ந்திருந்தன. தாய் எங்களைப் பார்த்ததும் கிளையில் முன்னும் பின்னும் நடந்தது. பிறகு கழுத்தை நீட்டிக் கத்தியது. கிக்கீ, கிக்கீ.

மச்சக்காளை அண்ணாந்து பார்த்தான். வாய் திறந்தபடியே இருந்தது.

"இந்தக் கரிக்கட்டையா?" என்றான்.

கரிச்சான் மறுபடி கத்தியது.

"இத்துணூண்டு கரிக்கட்டையா? இதுக்குப் பயந்தா நான் கோயம்புத்தூர் போறேன்?" சிரிக்க ஆரம்பித்தான். குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கண்ணில் தண்ணீர் வந்தது. திடீரென்று நிமிர்ந்து முத்திருளாயியைப் பார்த்தான். சிரிப்பு நின்றுவிட்டது.

"மதினி. இது உன் எடம்ல."

"ஆமா."

"மேடம், வேணாம் மேடம். நீங்க ஒண்ணும் பாக்கல. எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாச்சு, நான் கெளம்புறேன்."

"பாத்துட்டேன் மச்சக்காளை" என்றார் வாசுகி மேடம். அவர் கையில் நீளக் கம்பும் கம்பு நுனியில் கேமராவும் இருந்தது. கூட்டை இரண்டு பக்கமும் படம் எடுத்தார். பிறகு கம்பை இறக்கினார். பாதியில் நிறுத்தினார்.

"கீழ இன்னொண்ணு இருக்கே."

ஓடைப் பக்கத்துத் தாழ்ந்த கிளையில், இலைக்கொத்துக்குள், சின்னதாக ஒரு கூடு. நாரும் வேரும் வைத்துப் பின்னியது. உள்ளே இரண்டு முட்டை இருப்பதைக் கேமராவில் காட்டினார், இரண்டாம் ஈடாக இருக்கும், ரோஸ் நிறத்தில் சிவப்புப் புள்ளிகள். நான் அதன் கிட்டவே போகவில்லை. போகாமலே தெரிந்தது, சின்னான் கூடு.

முத்திருளாயி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். "வையாதன்னு சொன்னேன்ல" என்றாள் மெதுவாக.

"முப்பத்தெட்டாம் வரிசைன்னு சொன்ன."

"பொய்தேன் சொன்னேன். கரிச்சான் இருக்க மரத்துலதேன் சின்னான் வந்து கட்டும், காக்கா அண்டாதுன்னு. எனக்குத் தெரியும். கலைக்கணும்னுதேன் வந்தேன். வந்து பாத்தா மேல என்னோடது இருக்கு, கீழ உன்னோடது இருக்கு. நீ என்னோடத விட்டு வச்சிருக்க. நான் எப்பிடிண்ணே உன்னோடத எடுப்பேன்? போய் உன்கிட்ட ஏன் கலைக்கலன்னு கேட்டா, நீ ஏன் கலைக்கலன்னு திருப்பிக் கேப்ப."

மச்சக்காளை இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "ரெண்டு பேருக்கும் கிறுக்கா புடிச்சிருக்கு?"

வாசுகி மேடம் என்னிடம் திரும்பினார். "இது நீங்க போட்ட மரம்தான?"

"ஆமா மேடம். ரெண்டாவது வருசம்."

"பதினோரு வருசத்துல நீங்க செஞ்ச வேலைக்கு இதுதான் அத்தாட்சி. நல்லாவே செஞ்சிருக்கீங்க." டேப்லெட்டில் ஏதோ தட்டினார். "அதனால உங்களுக்கு வேலை இல்ல."

அதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. சோர்வாகச் சொன்னார். தப்பாகக் கையெழுத்துப் போட்டதாக எங்கள் மேல் புகார் எழுதுவாரா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார்.

"உங்க மாத்து எனக்குத் தெரியாதுன்னு நெனைச்சீங்களா? தாளைப் படிச்சுப் பாத்தேன். யாரும் பொய் எழுதல. நீங்க உங்க பறவையத் தொடல, அவங்க அவங்களோடதத் தொடல." ஜீப்பை நோக்கி நடந்தார். "எனக்கும் ஒரு பறவை எங்கேயாவது இருக்கும். ஒருநாள் வந்துரும்."

அதற்கப்புறம் நடந்தது கொஞ்சம்தான். மச்சக்காளைக்குச் சாக்கைத் திருப்பிக் கொடுத்தார்கள். முதல் நாள் நாற்பத்தாறு எலி பிடித்தான், யாரிடமும் அதைச் சொல்லிக்கொள்ளவில்லை. முத்திருளாயிக்குத் தூத்துக்குடி உப்பளத்தில் ஒரு காலியிடம் காட்டினார்கள். "நான் எங்க போக? இது எங்க மேய்ச்சக்காடு" என்று சொல்லிவிட்டாள். வடக்கயிற்றை மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை. மத்தியானங்களில் வேலிக்கு அந்தப் பக்கம், ஓடையோரமாக, இரண்டு வெள்ளாட்டை ஓட்டிக்கொண்டு வருகிறாள். ஆடு நடக்கிறபோது வெட்டுக்கிளி துள்ளுகிறது. வேம்பிலிருந்து கரிச்சான் வந்து கொத்துகிறது. மச்சக்காளை இந்தப் பக்கம் நின்று, "மதினி, இப்பத்தேன் நடை சரியா இருக்கு" என்பான். அவள் கல்லை எடுப்பாள், எறிய மாட்டாள்.

அறையைக் காலி பண்ண எனக்குப் பதினைந்து நாள் கொடுத்தார்கள். பதினான்காம் நாள் வாசுகி மேடம் ஒரு படிவத்தோடு வந்தார். கட்டிலில் என் பெட்டி கட்டி இருந்தது. அவரை உட்காரச் சொல்ல அதைத் தள்ளி வைத்தேன்.

"விதை போடற ஆள் ஒண்ணு கேக்கறாங்க. பெரிய கொட்டை. மத்தக் குருவிங்களால முழுங்க முடியாது. மலை ஏறணும், உங்களுக்கு முடியுமா?"

"எந்த மலை?"

"வால்பாறைக்கு மேல. பழைய தேயிலைக்காடு. இருவாச்சி வேலை."

நான் பெட்டியின் மேல் உட்கார்ந்தேன். அவர் படிவத்தைப் பார்த்தபடியே சொன்னார்.

"அங்க பழம் பழுக்கற மாசமெல்லாம் மாறிப் போச்சாம். கூட்டுல குஞ்சு இருக்கறப்போ மரத்துல பழம் இல்ல. ஆறேழு வருசம் இருந்து பாத்திருக்கு. அப்புறம் வரல."

"அது வந்ததுனாலதான் மேடம் எங்கள அனுப்புனாங்க."

"தெரியும். உங்க ஃபைல்ல இருக்கு."

"தங்க எடம்?"

"காட்டுக்குள்ள ஒரு தகரக் கொட்டகை. லைன் வீடெல்லாம் இப்ப இல்ல."

"தெரியும் மேடம். கூட யாரு?"

"யாரும் இல்ல. அந்தப் பக்கம் காலியிடம் அது ஒண்ணுதான்." பேனாவை எடுத்து நீட்டினார். என் முகத்தில் என்ன பார்த்தாரோ, "மாத்துக்கு ஆள் கெடையாது, அருளப்பன்" என்றார்.

தேவைப்படாது என்று சொல்ல நினைத்தேன். இருவாச்சி திரும்பி வந்தால் வரட்டும், நானே வந்து சொல்கிறேன் என்றும் சொல்ல நினைத்தேன். அதற்கு என்ன நிச்சயம்? பேனாவை வாங்கிக்கொண்டேன். பெயர் என்ற இடத்தில் அருளப்பன். இனம் என்ற இடத்தில் இருவாச்சி. முந்தைய இனம், சின்னான். பணியிடம் என்ற கட்டத்தில் மேடம் சொல்லச் சொல்ல எஸ்டேட் எண், காட்டு எண், மலைப் பெயர் எல்லாம் எழுதினேன். அதற்குக் கீழே சொந்த ஊர் என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் மேற்படி என்று போட்டேன்.